சுகதன் என்று தேடினால்

சுகதன் மாஷும் லோனப்பனும் பழக்கமானது ஒரு அரையாண்டுக் கேள்வித்தாளால். மாஷ் சேர்ப்பு என்ற ஊரின் உயர்நிலைப்பள்ளியில் மலையாள ஆசிரியர். எங்கள் பக்கத்தில் வாத்தியாரை மாஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய மனைவிகூட அப்படித்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டிய கேள்வித்தாளை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு திருச்சூரில் ஒரு அச்சகத்துக்குப் போயிருந்தார். அங்கே திறந்தால் மலையாளம் ஒரு எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகள் தலையில் தொப்பியும் காலில் கொக்கியுமாகத் திரை முழுக்க நின்றன.

"மாஷே, இது எந்த நாட்டுப் பாஷை?" என்றான் அச்சகக்காரன்.

சர்ச் பெருநாள் நோட்டீஸுக்காக வந்து பக்கத்தில் நின்றிருந்த லோனப்பன் எட்டிப் பார்த்தார். குடிநீர் வாரியத்தில் பொறியாளர். ஒல்லூர்க்காரர். கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"உங்க ஃபாண்ட் இங்க இல்ல மாஷே. நீங்க மலையாளம்னு நெனச்சு அடிச்சாலும் உள்ளுக்குள்ள அது இங்கிலீஷ் எழுத்துதான். ஃபாண்ட் அது மேல வேஷம் கட்டிவிடுது. வேஷம் இல்லாத எடத்துக்கு வந்ததும் கலைஞ்சிடுச்சு."

மாஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதகளிக்காரன் சாயத்தக் கழுவினாலும் உள்ள இருக்கிறவன் மலையாளிதானே?" என்றார்.

லோனப்பன் அந்தக் கேள்விக்குப் பல நாள் சிரித்தார். அன்றைக்கு அச்சகத்துக்கு எதிர்க்கடையில் இரண்டு பேரும் சாயா குடித்தார்கள். உள்ளே இருப்பதும் மலையாளமாகவே இருக்கும்படி ஒரு வழி உலகத்தில் வந்துகொண்டிருக்கிறது, யூனிகோட் என்று பெயர், ஆனால் அதற்கேற்ற நல்ல எழுத்துரு இன்னும் இல்லை என்று லோனப்பன் சொன்னார். எழுத்தை நான் வரைகிறேன் என்றார் மாஷ். அவ்வளவுதான் பேச்சு.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாஷ் ஒல்லூருக்கு பஸ் ஏறிவிடுவார். பெரிய வரைபடத் தாள்களில் கருப்பு மையால் எழுத்துகள் வரைந்து கொண்டுவருவார். டைப்ரைட்டரில் அடங்குவதற்காக முன்னொரு காலத்தில் அரசாங்கம் அறுத்துப் பிரித்த கூட்டெழுத்துகளை எல்லாம் திரும்ப ஒட்டிவிட வேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதம். லோனப்பன் அந்த வளைவுகளை மவுஸால் புள்ளி புள்ளியாகப் பிடித்து உள்ளே ஏற்றுவார். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். வட்டமாகப் புள்ளிகள் சூழ்ந்த ஒரு வெற்றிடம் எங்கிருந்தோ வந்து நடுவில் உட்காரும். அதை விரட்ட ஒரு ஞாயிறு போய்விடும்.

லோனப்பனின் மனைவி த்ரேசியா அன்றைக்குக் கூர்க்கைக் கிழங்கும் மாட்டிறைச்சியும் வைப்பாள். இறைச்சி சாப்பிடாத மாஷுக்காகக் கிழங்கை மட்டும் தனிச் சட்டியில் வதக்கி எடுத்துவைப்பாள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிடலாம்னு பாக்கறேன்," என்பாள் பரிமாறும்போது. "ஏழு மணி நேரமா ஒரே எழுத்து. நான் பிரசவத்துக்குப் போனப்பகூட இவரு இவ்வளவு நேரம் பக்கத்துல உக்காரல."

"பிள்ளை தானா வந்திடும் த்ரேசியாம்மா. எழுத்து அப்படி வராது," என்பார் மாஷ்.

இரண்டு வருஷத்தில் எழுத்துரு முடிந்தது. ஓணப் பூக்கோலத்தில் போடும் சின்ன மஞ்சள் பூவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: முக்குற்றி. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டார்கள். துபாயிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் மலையாளிகள் நன்றி சொல்லி எழுதினார்கள். ஊரைவிட்டுப் போய் இருபது வருஷமாயிற்று, இன்றைக்குத்தான் அம்மாவுக்கு மலையாளத்தில் ஒரு மெயில் அனுப்பினேன் என்று ஒருவர் எழுதியிருந்ததை மாஷ் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அவர்களைப் பிரித்தது சில்லெழுத்து.

தமிழில் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வைப்போம். மலையாளத்திலும் அதுபோல் சந்திரக்கலை என்று ஒரு குறி உண்டு. ஆனால் ன், ர், ல், ள் போன்ற சிலவற்றுக்குக் குறி வைக்காமல் எழுத்தின் வாலையே மேலே இழுத்துச் சுழித்துவிடுவார்கள். அந்த வால் சுழித்த எழுத்துதான் சில்லு. அப்போது கம்ப்யூட்டரில் சில்லுக்கென்று தனி எண் கிடையாது. எழுத்து, அதன்மேல் சந்திரக்கலை, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒட்டு ஒன்று. மூன்றும் சேர்ந்தால் திரையில் சில்லு வரும். இதை மாற்றிச் சில்லுக்குத் தனி எண் கொடுக்கலாமா என்று உலக அளவில் பேச்சு நடந்தது. மலையாளக் கம்ப்யூட்டர்க்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒல்லூர் வீட்டு மேசையும் பிரிந்தது.

"கொடுக்கணும் மாஷே," என்றார் லோனப்பன். "அந்த ஒட்டு கண்ணுக்கே தெரியல. பாதி புரோகிராம் அதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுடுது. போட்டா என்ன ஆகுது? சந்திரக்கலை மட்டும் மிஞ்சி, 'அவன்'னு நான் எழுதினது 'அவனு'ன்னு, அதாவது 'அவனுக்கு'ன்னு மாறி நிக்குது. குடுத்தவன் வாங்கினவன் ஆயிடறான்."

"தூக்கிப் போடற புரோகிராமத் திருத்து. அதுக்காக இல்லாத ஒரு எழுத்தப் புதுசா பெத்து வைப்பியா? சில்லு தனி எழுத்தில்ல லோனப்பா. அதே 'ன'தான், வேற கோலத்துல."

"எத்தனை புரோகிராமத் திருத்த? உலகத்துல இருக்கிறவனெல்லாம் நம்ம பேச்சக் கேப்பானா?"

"இன்னிவரைக்கும் எழுதினதெல்லாம் பழைய மாதிரி கெடக்கும். இனிமே எழுதறது புது மாதிரி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. மெஷினுக்கு ரெண்டும் வேற. ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு வச்ச மாதிரி ஆயிடும்."

"அது கொஞ்ச நாள் கஷ்டம். அப்புறம் சரியாயிடும்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே யாரும் விடவில்லை. வீட்டில் பேசியது போதாமல், ஆயிரம் பேர் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் எழுத ஆரம்பித்தார்கள். மாஷ் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுதுவார். ஒருநாள் அவர் பக்கத்து ஆட்கள் சிலர் லோனப்பனைக் கேலி செய்தார்கள். கோபத்தில் லோனப்பன் பதில் எழுதினார்: சாக்பீஸ் தூளைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர்கள் கம்ப்யூட்டர் குறியீட்டைப் பற்றி முடிவு சொல்ல வரக்கூடாது.

அந்தக் குழுவில் சாக்பீஸ் பிடித்த ஆள் ஒருவர்தான்.

அடுத்த ஞாயிறு மாஷ் வழக்கம்போல வந்தார். வரைந்து முடிக்காமல் வைத்திருந்த தாள்களை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும். எழுத்து ஒருத்தனோட சொத்தில்ல."

"உக்காருங்க மாஷே. கிழங்கு வெந்துட்டிருக்கு," என்றாள் த்ரேசியா.

"இன்னிக்கு வயிறு சரியில்லம்மா."

லோனப்பன் எழுந்து நிற்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "சரி" என்றார். படியிறங்கி மாஷ் பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றதை ஜன்னல் வழியாக த்ரேசியா பார்த்தாள். பார்த்ததைக் கணவரிடம் சொன்னாள். அவர் அப்போதும் எழுந்து போகவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் சில்லுக்குத் தனி எண் கிடைத்துவிட்டது. லோனப்பன் பக்கம் ஜெயித்தது. முக்குற்றியில் புதுச் சில்லுகளைச் சேர்த்து வெளியிட்டார். சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள ஆளில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் புதுச் சில்லு வெறும் கட்டமாகத் தெரிந்தது. அலுவலகத்தில் ஒரு ஓவர்சியர், "உங்க பேரு கடைசியில ஒரு டப்பாவா வருது சாரே. லோனப்ப டப்பான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டான். ஒரு வருஷம் டப்பாவாக இருந்தார். அதுவும் போயிற்று.

மாஷ் ஓய்வுபெற்று, மனைவி வத்ஸலாவின் ஊரான பட்டாம்பிக்குப் போய்விட்டார் என்று லோனப்பன் கேள்விப்பட்டார்.

"போன் பண்ணிப் பாருங்களேன்," என்பாள் த்ரேசியா அவ்வப்போது.

"அவரு பண்ணட்டும். பெரியவரு அவருதானே."

"பெரியவருன்னு நெனப்பு இருந்தா அப்படி எழுதியிருப்பீங்களா?"

லோனப்பன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் ஒன்று செய்திருந்தார். மலையாள வலைப்பதிவுகளை எல்லாம் திரட்டித் தரும் ஒரு தளத்தில், சுகதன் என்ற பெயரில் யார் என்ன எழுதினாலும் தனக்கு மின்னஞ்சல் வரும்படி ஏற்பாடு செய்துவைத்தார். வேறு சுகதன்கள் வந்தார்கள். ஆலப்புழையில் ஒரு கட்சிக்காரர், குவைத்தில் ஒரு சமையல்காரர். மாஷ் வரவேயில்லை. சில நாள் அவரே அந்தப் பெயரைத் தட்டித் தேடிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

"எழுதறதையே விட்டுட்டாரு," என்றார் ஒருநாள் த்ரேசியாவிடம். "எவ்வளவு வீம்பு பாரு. என் மேல உள்ள கோவத்துல எழுத்தையே தூக்கிப் போட்டுட்டாரு."

அதைச் சொன்னபோது அவருக்கு வருத்தமும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. வீம்பு மாஷுடையது என்று ஆகிவிட்டால் தன் பங்கு குறைந்துவிடுகிறதல்லவா.

இப்படியே ஏழெட்டு வருஷம் போயிற்று.

இரிஞ்ஞாலக்குடாவில் சக ஊழியர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த பெண் ப்ரபிதா என்று பெயர் சொன்னாள். கோழிக்கோட்டில் சிறுவர் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறவள். லோனப்பன் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

"முக்குற்றி லோனப்பன் சாரா? நான் சேர்ப்பு ஸ்கூல்ல சுகதன் மாஷோட ஸ்டூடண்ட். அவரு பதிவப் படிச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இப்ப ரெண்டு வருஷமா எழுதறதில்லையே, உடம்பு எப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷமா?" லோனப்பன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அவரு எழுதறத விட்டு எட்டு வருஷம் ஆகப்போகுதும்மா."

"இல்ல சார். வாராவாரம் எழுதுவாரே. உங்களப் பத்திகூட எழுதுவாரு."

"நான் தேடிப் பாத்தேன். ஒண்ணுமே வராது."

சாப்பாடு முடிந்து கைகழுவியதும் அவள் தன் போனில் பதிவுகளைத் திரட்டும் அதே தளத்தில் பெயரைத் தட்டிக் காட்டினாள். வரிசையாக வந்து விழுந்தது. லோனப்பன் தன் போனில் அதே பெயரைத் தட்டினார். ஆலப்புழைக் கட்சிக்காரர் வந்தார். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். சுகதன். சுகதன். ஒரு சுழி, ஒரு வளைவுகூட வித்தியாசம் இல்லை.

"நீ எந்தக் கீபோர்டும்மா வச்சிருக்க?"

"மாஷ் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பழக்கினதுதான் சார், போன்லயும் அதையே போட்டுக்கிட்டேன். பழைய சில்லு. பழகிப்போச்சு."

லோனப்பன் பந்தல் ஓரத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாஷ் தன் பெயரைக் கடைசிவரை பழைய மாதிரியே எழுதியிருக்கிறார். லோனப்பன் புது மாதிரி தேடியிருக்கிறார். அந்தத் தளம் எண்ணுக்கு எண் பொருத்திப் பார்த்து, இவர் வேறு அவர் வேறு என்று சொல்லிவிட்டது. தான் எழுதிய புரோகிராமாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார். மாஷ் விஷயத்தில் அவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. வீம்பு என்ற பதில் முன்னாலேயே கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தார். வாரம் ஓர் எழுத்தைப் பற்றி மாஷ் எழுதியிருந்தார். 'ழ'வைப் பிள்ளைகள் எங்கே தொடங்கி எங்கே கைதூக்குகிறார்கள், இடது கைப் பிள்ளைகள் ஏன் அதில் திணறுகிறார்கள், சுவரெழுத்துக்காரர்கள் அதை எப்படிச் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு சின்னக் குறிப்பு. "முக்குற்றியில் இதன் வயிறு பெருத்துவிட்டது. பிழை நான் வரைந்ததில். லோனப்பன் கொஞ்சம் இறுக்கிவிடலாம்." இன்னொன்றில், "இந்த வால் இன்னும் தாழ வேண்டும். அடுத்த வரியைத் தொடும் என்று லோனப்பன் சொல்வார். தொடாது."

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: லோனப்பன் சார் இதையெல்லாம் படிக்கிறாரா?

மாஷின் பதில்: "படிப்பார். பதில் சொல்லமாட்டார். படித்தால் போதும்."

பின்வந்த பதிவுகளில் குறிப்புகள் சுருங்கின. சிலவற்றில் கோபம் தெரிந்தது. கடைசிப் பதிவு நான்கே வரி. கண்ணில் நீரழுத்த நோய் முற்றிவிட்டது, எழுத்துகளின் ஓரம் கலங்குகிறது, ஓரம் தெரியாமல் எழுத்தைப் பற்றிப் பேசுவது சரியல்ல, இத்துடன் நிறுத்துகிறேன்.

த்ரேசியா காப்பியோடு வந்து பின்னால் நின்றாள். "என்ன எழுதியிருக்காரு?"

"என்னத் திட்டியிருக்காரு. பாசமா," என்றார்.

அடுத்த ஞாயிறு பட்டாம்பிக்கு ரயில் ஏறினார். த்ரேசியா கூர்க்கை வதக்கி டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். கதவைத் திறந்தது வத்ஸலா.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா லோனப்பேட்டா?" என்றாள். ஏட்டன் என்றால் அண்ணன்; அந்த முறையை அவள் மாற்றவில்லை.

"யாரு வத்ஸலே?" உள்ளிருந்து மாஷின் குரல்.

"ஒல்லூர்லேருந்து வந்திருக்காங்க."

லோனப்பன் உள்ளே போனார். மாஷ் சாய்வு நாற்காலியில் இருந்தார். முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் லோனப்பன் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி.

"த்ரேசியாம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம் மாஷே."

"உக்காரு. அங்க நாற்காலி இருக்கும்."

லோனப்பன் உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சு எதுவும் நினைவில் நிற்கவில்லை. "அன்னிக்கு நான் எழுதின அந்த வார்த்தை..." என்று தொடங்கினார்.

"அத விடு. சாக்பீஸ் தூள் நெஜந்தானே. கோவம் அதுக்கில்ல." மாஷ் கைகளை மடியில் சேர்த்துக்கொண்டார். "அத்தனை திருத்தம் எழுதினேன். ஒண்ணையாவது செஞ்சிருக்கலாம். நம்ம சண்டை சில்லோட. 'ழ' என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் படிக்கல மாஷே."

"என்ன?"

"போன வாரம்தான் படிச்சேன். உங்க பேரப் போட்டுத் தேடிட்டேதான் இருந்தேன். வரல. நான் புதுச் சில்லுல தேடினேன். நீங்க பழையதுல எழுதியிருக்கீங்க."

மாஷுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. இந்த உலகத்தில் அதைச் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடியவர்களில் அவரும் ஒருவர். உதடுகள் மட்டும் அசைந்தன. நான் சொன்னேனே என்று சொல்லப்போகிறார் என லோனப்பன் காத்திருந்தார். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"நீ படிச்சிட்டு வீம்புக்கு மாத்தாம வச்சிருக்கேன்னு நெனச்சேன்," என்றார் மாஷ் மெதுவாக. "ரொம்பக் கோவம் வந்தா அந்த வாரம் ரெண்டு திருத்தம் சேத்து எழுதுவேன். நீ பல்லக் கடிச்சிட்டுப் படிக்கிற மாதிரி நெனச்சுப்பேன். அதுல ஒரு சந்தோஷம்."

வத்ஸலா சாயா கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரும் கோச்சுக்கக் கூடாது. மெஷினு கண்டுபிடிக்கல, சரி. ரெண்டு பேரு கையிலயும் போன் இருந்துச்சு. நம்பரும் மாறல. அதுக்கு எந்தச் சில்லும் வேண்டாமே."

வெளியே ரயில் ஒன்று பாரதப்புழை ஆற்றுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. த்ரேசியா கொடுத்த டப்பாவை லோனப்பன் எடுத்து வத்ஸலாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மழைக்காலம் முழுக்க லோனப்பன் திருத்தங்களைச் செய்தார். மாஷ் எழுதியிருந்த ஒன்றையும் விடவில்லை. தாழச் சொன்ன வால் அடுத்த வரியைத் தொடவில்லை; மாஷ் கணக்கு சரி. செய்து முடித்து, பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அச்செடுத்துக்கொண்டு பட்டாம்பிக்குப் போனார். தாளை மாஷின் கையில் கொடுத்தபிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது.

மாஷ் தாளை விரலால் தடவினார். வழவழப்பான தாள். அதில் தடவுவதற்கு ஒன்றுமில்லை.

"சரியா வந்திருக்கான்னு எங்கிட்டக் கேக்காத லோனப்பா. வத்ஸலாகிட்டக் குடு. தடுக்காம படிச்சான்னா சரி."

வத்ஸலா வாசித்தாள். பாதியில் ஓரிடத்தில் நின்றாள்.

"எந்த எழுத்து?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"எழுத்தில்ல. என் கண்ணாடி நழுவிடுச்சு."

மாஷ் சிரித்தார். லோனப்பனும் சிரித்தார். பழைய ஞாயிறு திரும்பி வந்துவிட்டது என்று அந்த நிமிஷம் அவர் நம்பினார்.

வரவில்லை. லோனப்பன் மாதம் ஒருமுறை போனார். பேச எழுத்து இல்லாதபோது அவர்களுக்கிடையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது மெல்லத் தெரிந்தது. மாஷின் சர்க்கரை அளவு, லோனப்பனின் மூட்டுவலி, புழையில் வெள்ளம், லோனப்பனின் மகள் பெங்களூரிலிருந்து வந்தது. மாஷின் பழைய பதிவுகளை வாசித்துக் காட்டட்டுமா என்று லோனப்பன் ஒருநாள் கேட்டார். "வேண்டாம்டோ. நான் எழுதினது எனக்குத் தெரியும்," என்றார் மாஷ். அதில் கோபமில்லை. அயர்வு இருந்தது.

திருத்திய முக்குற்றியை இணையத்தில் போட்டபோது அதைக் கவனித்தவர்கள் குறைவு. அதற்குள் போன்களிலேயே மலையாளம் நன்றாக வந்துவிட்டது. பழைய சில்லும் புதுச் சில்லும் ஒன்றுதான் என்று தேடும் இயந்திரங்களும் கற்றுக்கொண்டுவிட்டன. திருச்சூரில் ஒரு கல்லூரி மாணவர்கள் லோனப்பனைப் பேசக் கூப்பிட்டார்கள். சில்லுச் சண்டை என்று ஏதோ நடந்ததாமே, எதற்காக என்று ஒரு பெண் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான் என்று மட்டும் சொல்லி முடித்தார்.

போகப்போக மாதத்துக்கு ஒருமுறை என்பது ஓணத்துக்கும் விஷுவுக்கும் என்றாயிற்று. மாஷ் குறை சொல்லவில்லை. லோனப்பன் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வத்ஸலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பார். லோனப்பன் சொல்வார். நேரமிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ என்று மாஷ் ஒருமுறையும் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று லோனப்பனும் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே போய், ரயில் வரும்வரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார்.